கான்டெசாவின் பின் பிரேக்

இத்தலாரிலிருந்து ஊட்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த தேயிலை விவசாயி, தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மெக்கானிக்கிடம் சொன்னார்: “நேத்துத்தானுங்க உங்களைத் திட்டாம வண்டி ஓட்டினேன்.”

“அப்ப ரெண்டு மாசமா திட்டுனீங்களா?”

“பின்ன? இலைக்கு வெலையே இல்லாத நேரத்துல, பழைய கான்டெசாவுக்குப் பின்னாடி புது ஸ்பிரிங் பட்டை, ஷாக், டிஸ்க் பிரேக்குன்னு இழுத்து விட்டீங்க. மூணும் மாத்தாம சாவி தரமாட்டேன்னுட்டீங்க.”

“பின் சீட்டைக் கழட்டிட்டு இலை மூட்டை ஏத்துனா வேற என்னங்க பண்றது? அது காருங்க, லாரியில்ல.”

“ஜீப் வாடகைக்கு வழியில்லீங்களே. நேத்து ஏழு மூட்டையோட ஃபேக்டரிக்கு எறங்குறோம். பொஞ்சாதி பக்கத்துல. வளைவுல காட்டெருமை குறுக்க நிக்குது. மிதிச்சேன். பின்பக்கம் கொஞ்சங்கூட வழுக்கலீங்க, அப்படியே நின்னுச்சு. நீங்க நல்லா இருக்கோணும்.”

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். “வண்டி இருக்க, பஸ்ஸுல எதுக்குங்க வர்றீங்க?” என்றார்.

“இன்னிக்கு இலையை அவதான் கொண்டு போறா. வருசக் கணக்கா சாவி கேட்டா. நேத்து ராத்திரி நானே குடுத்துட்டேனுங்க.”