தொப்பி போட்ட அங்கிள்

வெள்ளிக்கிழமை மாலை 5.40. ஜெலாப்பாங்கிலிருந்து ஈப்போ நகருக்குப் போகும் பேருந்து. எனக்கு முன்னிருக்கையில் ஒரே தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போன மாப்பிள்ள, இப்ப என்னை அங்கிள்னு கூப்பிடுறாரு."

"என்னடி உளர்ற?"

"ஹென்ட்போன்ல ஒரு கேம் விளையாடுறேன்னு சொன்னாரு இல்ல? அதுல நானும் வேற பேர்ல சேந்து அவரு டீமுக்குள்ள புகுந்துட்டேன். அந்தக் காலத்துத் தொப்பி ஒண்ணு அதுல கெடைக்குது. அதை கேம்ல என் பொம்மைக்கு மாட்டிவிட்டேனா, யாரோ பென்ஷன் வாங்குற பெரியவர்னு நெனைச்சிட்டாரு."

"எதுக்கு இந்த வேல?"

"தோத்தா கத்துற ஆளான்னு பாக்கத்தான். இன்னிக்கு நான் வீட்டுல பதில் சொல்லணும்லா."

"கத்துனாரா?"

"வேணும்னே மூணு ஆட்டம் தோக்க வெச்சேன். 'பரவால்ல அங்கிள், மெதுவா வாங்க'ன்னு எழுதுறாரு. நான் அடிபட்டு விழுந்தா ஓடி வந்து மருந்து வேற போடுறாரு."

தோழி சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார்.

"பாவம்டி அந்த மனுஷன். அப்புறம்?"

"நேத்து எழுதுறாரு, 'அங்கிள், பொண்ணு வீட்டுல இன்னும் பதில் வரல. சரின்னு சொல்லிட்டாங்கன்னா நீங்க கண்டிப்பா கல்யாணத்துக்கு வரணும்'னு."

"நீ என்ன சொன்ன?"

"கண்டிப்பா வாரேன் தம்பின்னு எழுதிட்டேன்."

"அடிப்பாவி! அம்மாகிட்ட சரின்னு சொல்லிட்டியா?"

"இல்லலா, இனிமேதான் சொல்லணும்" என்றபடி மணியை அழுத்திவிட்டு எழுந்தாள்.