வலது பக்கப் பின்சீட்டு

பிற்பகல் ரெண்டரை மணி. ராத்திரி இல்ல... நல்லாக் காதுல வாங்கிக்கோங்க, பட்டப்பகல். ஆகஸ்ட் மாசம். சார்டீனியாத் தீவுல, மலையிலேருந்து கடல் பக்கமா இறங்குற ரோடு. அந்த நேரத்துல அங்க ஈ காக்கா நடமாடாது. கடையைச் சாத்தி, ஜன்னலுக்குப் பலகையை இறக்கி, ஊரே படுத்துத் தூங்கும். ரோட்டோரமா பட்டை உரிச்ச கார்க் மரம், பாட்டிலுக்கு அடைப்பான் செய்வாங்களே அது. உரிச்ச இடம் பச்சைப் புண்ணு மாதிரி சிவந்திருக்கும். அதை விட்டா சப்பாத்திக் கள்ளி. அவ்வளவுதான்... அந்த ரோட்டுல ஒரே ஒரு வெள்ளைக் கார் போயிட்டிருக்கு.

கார்ல மூணு பேர். எங்க வீட்டு மேல்மாடில யுடித்னு ஒருத்தி இருக்கா இல்ல, அவளோட அக்கா ஏனிக்கோ. வண்டியை ஓட்டுறது ஏனிக்கோவோட புருஷன் ஜோம்போர். பின்னாடி அவனோட அம்மா பிரோஷ்கா. எழுபத்தஞ்சு தாண்டின அம்மா, அதுவரைக்கும் கடலையே பார்த்ததில்ல. நம்ம ஹங்கேரில கடல் ஏது, ஏரிதானே. "சாகறதுக்குள்ள உப்புத் தண்ணில ஒரு தடவை கால் நனைக்கணும்டா"ன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டே இருந்தாங்க. அதுக்காகத்தான் இந்தப் பயணமே.

காரை மதியம் விமான நிலையத்துல எடுத்தாங்க. பெரிய கம்பெனிக்காரங்க கவுண்டர்லயெல்லாம் கூட்டம் நெரியுது. ஜோம்போர் மலிவாக் கிடைக்குதேன்னு பேர் தெரியாத ஒரு சின்ன இடத்துல சொல்லி வெச்சிருந்தான். அங்க ஒரே ஒரு ஆள். சாவியை நீட்டறப்ப முகத்தைப் பார்க்கல. "வேற கார் இல்ல"ன்னான்... இவங்க வேற கார் கேக்கவே இல்ல.

ஜோம்போர் விவரமானவன். காரைச் சுத்திச் சுத்தி வந்து, ஒவ்வொரு கீறலையும் போன்ல படம் எடுத்தான்.

"உள்ளயும் எடுத்துக்கோயேன்"னா ஏனிக்கோ.

"உள்ள யாருடி வந்து கீறப்போறா?"

கதவைத் திறந்ததும் முதல்ல வாசனைதான் அடிச்சுது. பைன் மர வாசனை. பின்னாடி பார்க்கற கண்ணாடிக்குக் கீழ அந்த வாசனை அட்டைங்களைக் கொத்தாக் கட்டித் தொங்க விட்டிருந்தாங்க, நல்ல காருக்கு எதுக்கு அத்தனை? ஏனிக்கோ கேக்ல கிரீம் பூசற கடையில வேலை பார்க்கறவ. பால் கெடறதுக்கு முன்னாடியே மூக்குல பிடிச்சுடுவா. அந்தப் பைன் வாசனைக்கு அடியில இன்னொண்ணு இருக்குன்னு அவளுக்கு உடனே தெரிஞ்சுது. இனிப்பா... அழுகின முலாம்பழம் மாதிரி. அதுக்கும் அடியில நனைஞ்ச கம்பளி. அதுக்கும் அடியில... வேண்டாம்னு மூச்சை வாய் வழியா விட்டுக்கிட்டா.

வண்டி நகர்ந்ததும், டிங்... டிங்... டிங்.

சீட் பெல்ட் போடலைன்னா கத்துமே, அந்தச் சத்தம். மூணு பேரும் பெல்ட் போட்டிருக்காங்க. முன்னாடி பலகைல பார்த்தா, பின்சீட்டு வலது பக்கத்துக்குச் சிவப்பு விளக்கு எரியுது. அங்க யாரும் இல்ல. காலி சீட்டு.

"பையை வெச்சிருக்கியாம்மா?"

"இல்லடா. பை என் மடியில இருக்கு."

டிங்... டிங்... டிங். ஊர் எல்லை தாண்டியும் நிக்கல. ஜோம்போருக்கு எரிச்சல். "அம்மா, அந்தப் பெல்ட்டை இழுத்துச் சும்மா மாட்டி விடு, வாயை மூடும்."

பிரோஷ்கா கையை எட்டி இழுத்து மாட்டினாங்க. க்ளிக். சத்தம் நின்னுது. ஏனிக்கோ திரும்பிப் பார்த்தா. காலி சீட்டுல மாட்டின பெல்ட்டு எப்படி இருக்கும்? சீட்டோட ஒட்டிப் படுத்துக் கிடக்கும் இல்ல? இது படுக்கல... மேல தூக்கி, வளைஞ்சு, ஒரு தொந்தியைச் சுத்தி நிக்கிற மாதிரி நின்னுது. அப்புறம் மெதுவா ஏறி... மெதுவா இறங்கி...

புது பெல்ட்டு, விறைப்பா இருக்கும்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. முன்னாடி திரும்பிக்கிட்டா.

மலை ஏற ஏற நாத்தம் ஏறிச்சு. ஏசியைக் கூட்டினாங்க, அதுவும் அதையே முகத்துல ஊதிச்சு. ஜன்னலைத் திறந்தா அடுப்புக்குள்ள தலையை விட்ட மாதிரி அனல். கடைசியில ஜோம்போர் கண்ணாடில அம்மாவைப் பார்த்துக் கேட்டே விட்டான்.

"அம்மா... உனக்கு ஏதாவது... ஆயிடுச்சா? வெக்கப்படாம சொல்லு. வண்டியை நிறுத்தறேன்."

"நான் இல்லடா."

"வயசானா வர்றதுதான்மா. வாடகை வண்டி, கறை பட்டா நம்ம தலையில கட்டுவான்."

"நான் இல்லன்னு சொல்றேன்ல!" குரல் உடைஞ்சு போச்சு அந்தம்மாவுக்கு. காது வரைக்கும் சிவந்திருச்சு. கதவோட கதவா ஒட்டி, பையை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கூட்டமான பஸ்ல பக்கத்துல ஒரு பருத்த ஆள் வந்து உக்காந்தா நாம ஒடுங்குவோமே... அப்படி.

ஏனிக்கோவும் அந்தம்மாதான்னு நினைச்சா. நினைச்சதோட விடல, அருவருப்பும் பட்டா. ஓட்டல்ல அந்தம்மா பக்கத்துல உக்காந்து எப்படிச் சாப்பிடறதுன்னு யோசிச்சா. இதை அவளே யுடித் கிட்ட பின்னாடி சொல்லி அழுதாளாம்.

ஒரு வளைவுல வண்டியை ஓரங்கட்டினாங்க. மாமியாரை இறக்கி நிழல்ல நிறுத்திட்டு ஏனிக்கோ சீட்டைத் தொட்டுப் பார்த்தா. மாமியார் உக்காந்த இடம் காய்ஞ்சு, சுத்தமா இருந்தது. கையை அப்படியே பக்கத்து சீட்டுக்கு நகர்த்தினா...

கை உள்ள இறங்கிச்சு. பஞ்சு தண்ணி குடிச்ச மாதிரி. வெதுவெதுன்னு. விரலிடுக்குல மஞ்சளா, கொழகொழன்னு ஒண்ணு மேல வந்துது. அதோட ரெண்டு மூணு நரைமுடி. குட்டையான முடி... கழுத்துக்குப் பின்னாடி இருக்குமே, அந்த மாதிரி.

ரோட்டோரம் ஓடிப்போய் வயித்துல இருந்த அத்தனையும் வாந்தி எடுத்தா. கையைப் புல்லுல தேய்ச்சா, மண்ணுல தேய்ச்சா, குடிக்க வெச்சிருந்த தண்ணியை ஊத்திக் கழுவினா. போகல. ஜோம்போர் காகிதத்தைக் கத்தை கத்தையா வெச்சு ஒத்தி எடுத்தான். எடுக்க எடுக்க ஊறுது. அப்பத்தான் கதவோட உள்பக்கம் கண்ணுல பட்டுது. கண்ணாடியைச் சுத்தி இருக்கற ரப்பரு... பிய்ச்சுப் பிய்ச்சு, நார் நாரா. கைப்பிடிக்கு மேல நகத்தால பிறாண்டின கோடு.

கம்பெனிக்குப் போன் போட்டான். அதே ஆள்தான் எடுத்தான்.

"உங்க கார்ல ஒரு பிரச்சனை..."

"பின்சீட்டா?"

ஜோம்போர் இன்னும் சொல்லவே இல்ல.

"நாலு மணிக்கு மேல கூப்பிடுங்க. இப்ப சாப்பாட்டு நேரம்"னு வெச்சுட்டான். மறுபடி போட்டா மணி மட்டும் அடிக்குது.

திரும்பிப் போனா வந்த தூரம் மொத்தமும் ஓட்டணும். கடலோ பக்கத்துல வந்தாச்சு, தங்கற இடமும் அங்கதான். துண்டை நாலா மடிச்சு அந்தச் சீட்டு மேல போட்டாங்க.

"அத்தை, நீங்க முன்னாடி வாங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

"வேண்டாம்மா, பின்னாடி உக்காந்தா உனக்குத் தலை சுத்தும். நான் இருந்துக்கறேன்."

ஏனிக்கோ ரெண்டாவது தடவை கேக்கல. வேண்டாம்னு சொன்னாங்களேன்னு உள்ளுக்குள்ள நிம்மதி.

கீழ இறங்குறப்ப கடல் தெரிஞ்சுது. கண்ணு கூசற நீலம். "அம்மா, பாரு பாரு"ன்னான் ஜோம்போர். பிரோஷ்கா தூங்கிட்டாங்க. வண்டி நிறுத்தற இடம் மேட்டுல இருக்கு, கரைக்குப் போக செங்குத்தான பாறைப் படி.

"இப்ப எழுப்பினா இந்தப் படியில எப்படி இறங்கும்? வெயில் தாழட்டும், அப்புறம் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போலாம். நாம ஒரு முங்கு முங்கிட்டு வந்துடுவோம்"னான்.

"இந்த வெயில்ல... வண்டிக்குள்ளயா?"

"ஜன்னலை இறக்கி விட்டிருக்கேன். மரத்து நிழல் இருக்கு. ஒரு நிமிஷம்டி."

அவ நாக்கு நுனிக்கு வந்துது, வேண்டாம்னு சொல்ல. ஆனா கையில அந்த நாத்தம்... தண்ணி கண்ணு முன்னாடி. இறங்கிப் போயிட்டா.

தண்ணிக்குள்ள நின்னு மணலை அள்ளி அள்ளிக் கையைத் தேய்ச்சா. தோல் எரியற வரைக்கும். ஒரு நிமிஷம்னு இறங்கினவங்களுக்கு நேரம் போனதே தெரியல. ஜோம்போர் பாறை வரைக்கும் நீந்திட்டுத் திரும்பி வர்றான். அப்ப மேலேருந்து ஹாரன்.

பாம்... பாம்... பாம். விட்டு விட்டு. அப்புறம் ஒரேயடியா, கையை எடுக்காம.

ஏனிக்கோ வெறுங்காலோட படியேறி ஓடினா. நிழல் எப்பவோ நகர்ந்து போயிருக்கு. கார் முழு வெயில்ல நிக்குது. இறக்கி விட்ட ஜன்னல் நாலும் மேல ஏறி இறுக்கமா மூடியிருக்கு. சாவி ஜோம்போரோட இடுப்புப் பையில. கண்ணாடி உள்பக்கமா வேர்த்து, வெள்ளையாப் புகைஞ்சு போயிருக்கு. ஹாரன் அவ கைப்பிடியைத் தொட்டதும் நின்னுது. கண்ணாடியோட மூக்கை ஒட்டி உள்ள பார்த்தா...

முன்சீட்டுல யாரும் இல்ல. பிரோஷ்கா பின்னாடிதான் இருக்காங்க. வாய் திறந்திருக்கு. முகம் செங்கல் நிறம். தலை வலது பக்கமா சாய்ஞ்சிருக்கு. சாய்ஞ்ச இடத்துல ஒண்ணும் இல்ல... சும்மா காத்து. ஆனா தலை விழல. கன்னம் ஒரு பக்கமா நசுங்கி, யாரோட தோள்லயோ படுத்துத் தூங்கற மாதிரி அந்தரத்துல அப்படியே நிக்குது.

"அத்தை! அத்தை!"

ஜோம்போர் மூச்சு வாங்க வந்து சாவியை அமுக்கினான். பூட்டு திறக்குது, க்ளிக். உடனே மூடுது, க்ளிக். மறுபடி அமுக்கறான். திறக்குது... மூடுது. உள்ளேருந்து யாரோ விளையாடற மாதிரி. அவன் "அம்மா, அம்மா"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி கத்திக்கிட்டே ஒரு பாறைக்கல்லைத் தூக்கி முன்கண்ணாடில போட்டான்.

உள்ளேருந்து வந்த காத்து இருக்கே... முகத்துல அறைஞ்சுது. முலாம்பழம், மூத்திரம், வெந்த கம்பளி, பழைய வாய் நாத்தம். ஹாரன் கேட்டுக் கரையிலேருந்து பின்னாலயே ஓடி வந்த ஆட்கள்ல ரெண்டு பேர் மூக்கைப் பொத்திக்கிட்டுப் பின்வாங்கினாங்க. ஏனிக்கோ வாங்கல. உடைஞ்ச கண்ணாடி வழியா உடம்பைக் கிழிச்சுக்கிட்டு உள்ள போய்ப் பின்கதவைத் திறந்து, மாமியாரை இடுப்போட கட்டிப் பிடிச்சு வெளிய இழுத்தா. முதல் இழுப்புல வரல. அந்தப் பக்கமும் பிடிமானம் இருந்துச்சாம். "விடு! விட்டுத் தொலை!"ன்னு கத்தினா. அப்புறம்தான் வந்தாங்க.

உயிர் இருந்துது. ஆம்புலன்ஸ் வந்து பக்கத்து ஊர் ஆஸ்பத்திரில சேர்த்தாங்க. ஊசி, குளுகோஸ், தலையில ஐஸ். பொழுது சாயறப்ப பிரோஷ்கா கண்ணைத் திறந்தாங்க. ஜோம்போர் கட்டில் ஓரமா மண்டி போட்டு, தலையைத் தூக்காம அழுதுக்கிட்டிருந்தான். ஏனிக்கோவுக்கு அவனைப் பார்க்கவே குமட்டுச்சு. தன்னை நினைச்சாலும் குமட்டுச்சு.

"அழாதடா"ன்னாங்க அந்தம்மா. உதடு வெடிச்சிருந்துது. "பாவம்டா, அந்தப் பெரியவர். கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தார். 'இதோ வந்துடுவாங்க, இதோ வந்துடுவாங்க'ன்னு சொல்லிட்டே இருந்தார். அவர் பிள்ளைங்களும் குளிக்கத்தான் போனாங்களாம்."

"எந்தப் பெரியவர், அத்தை?"

"பக்கத்துல இருந்தாரே... அவர்தான் சொன்னார்."

"எந்த பாஷைல சொன்னார்?"

பிரோஷ்கா யோசிச்சாங்க. ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அந்தம்மாவுக்கு நம்ம பாஷையைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

அப்பத்தான் நர்ஸ் வந்தா. இன்னொரு கையில ஊசி குத்தணும், அந்த வலது கையைக் காரிலேருந்து இறக்கினதுலேருந்து இறுக்கி மூடியே வெச்சிருக்காங்க. "விரலை விரிங்கம்மா"ன்னு அவ பாஷைல சொல்லி ஒவ்வொரு விரலாப் பிரிச்சா. உள்ளங்கையைப் பார்த்துட்டு நர்ஸ் முகம் சுளிச்சு, "ஐயோ, இவங்களோடதா இது?"ன்னு கேட்டா.

பல் செட்டு. மேல் வரிசை. ரோஸ் நிற ஈறோட.

நர்ஸ் ரெண்டு விரலால அதை எடுத்தா. எச்சில் இன்னும் காயல... அந்தம்மாவோட உள்ளங்கையிலேருந்து நூல் மாதிரி இழுத்துக்கிட்டே வந்துது.

பிரோஷ்காவுக்கு இன்னிக்கு வரைக்கும் எல்லாப் பல்லும் சொந்தப் பல்லு.