நாலு மணி வெளிச்சம்

கொழுந்தன்: ...இல்ல அண்ணி, லைட் போட மறந்துட்டாங்களோன்னு பார்த்தேன்.

அண்ணி: மறக்கல, தேவைப்படல. மணி நாலு, மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. யாராவது கண்ணைச் சுருக்குறாங்களா பாரு.

கொழுந்தன்: நடு மேஜையில டைப் அடிக்கிற அம்மாகூட சிரிச்சுக்கிட்டே அடிக்குறாங்க.

அண்ணி: பழைய ஆபீஸ்ல பதினெட்டு வருஷம் டியூப்லைட்டுக்குக் கீழேயே இருந்தவங்க. காலையில என் கையைப் பிடிச்சவங்க விடவே இல்ல.

கொழுந்தன்: நீங்க வரைஞ்ச முதல் கட்டடம்...

அண்ணி: கட்டினது நீ. அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்குறே?

கொழுந்தன்: ஜன்னல் பலகைக்கு நீங்க போட்ட படத்தைக் கீழே வரவேற்பறையில மாட்டப் போறாங்களாமே.

அண்ணி: மாட்டியாச்சு. திறப்பு விழாவுக்கு வந்த விருந்தாளிங்களுக்கு அதைக் காட்டித்தான் நான் பேசணும். இன்னும் பத்து நிமிஷம்.

கொழுந்தன்: அதைக் கழட்டிடலாம் அண்ணி.

அண்ணி: ஏன்?

கொழுந்தன்: வெளியே வெயிலைத் தடுக்க வரிசையா கான்கிரீட் பலகை நிக்குதில்ல... உங்க படத்துல எல்லாம் இடப்பக்கம் சாயும். இங்க வலப்பக்கம் சாயுது.

அண்ணி: அதனால?

கொழுந்தன்: திட்டிடுங்க.

அண்ணி: எப்படிப்பா மாறிச்சு?

கொழுந்தன்: டிரேசிங் பேப்பரைத் திருப்பிப் போட்டு அளவெடுத்துட்டேன். பின்பக்கமும் கோடு பளிச்சுனு தெரிஞ்சுது. ஒரு மாடி முழுக்க வார்த்த பிறகுதான் கவனிச்சேன். மத்த மாடியில மாத்தினா அசிங்கமாயிடும்னு அப்படியே...

அண்ணி: எழுத்தெல்லாம் இடம் வலமா மாறித் தெரிஞ்சிருக்குமே?

கொழுந்தன்: உங்க கையெழுத்து எப்பவுமே அப்படித்தானே இருக்கும்.

அண்ணி: கொழுப்புடா உனக்கு.

கொழுந்தன்: எட்டு மாசமா சரியாத் தூங்கல அண்ணி. அண்ணன்கிட்டகூடச் சொல்லல. நீங்க சைட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் போக விடாம டீ வாங்கிக் கொடுத்தே...

அண்ணி: அதான் அத்தனை டீயா? என்னடா இப்படி உபசரிக்கிறான்னு நானும்...

கொழுந்தன்: சிரிக்காதீங்க. பெரிய பெரிய ஆர்க்கிடெக்ட் எல்லாம் வந்திருக்காங்க. படத்தையும் ஜன்னலையும் மாத்தி மாத்திப் பார்த்தா உங்க மானம்தான் போகும். முதலாளிகிட்ட நானே போய்ச் சொல்லிடுறேன்.

அண்ணி: நில்லு. முதல் மாடிப் பலகை வார்த்ததும் ஒரு நாள் மூச்சிரைக்க ஓடி வந்தேனே, ஞாபகம் இருக்கா?

கொழுந்தன்: இல்லாம? மாட்டிக்கிட்டேன்னு நடுங்கிட்டேன். ஆனா டீ வாங்கிட்டு வர்றதுக்குள்ள நீங்க செங்கல் மேல உட்கார்ந்து சிரிச்சிட்டு இருந்தீங்க.

அண்ணி: வேலையை நிறுத்தச் சொல்லத்தான் வந்தேன். முந்தின நாள் ராத்திரிதான் கண்டுபிடிச்சேன், சாய்வை மாத்தி வரைஞ்சிருக்கேன்னு. படத்துல இருக்கிறபடி கட்டியிருந்தா நாலு மணி வெயில் அத்தனையும் அந்த டைப் அம்மா கண்ணுலதான் அடிக்கும். வந்து பார்த்தா எல்லாம் சரியா நிக்குது.

கொழுந்தன்: அப்போ... எட்டு மாசமா நீங்களும்...

அண்ணி: நானும் வாயைத் திறக்கல.

கொழுந்தன்: அண்ணி, கீழே மாட்டியிருக்கிற படம்?

அண்ணி: உன்னை மாதிரியே திருப்பிப் போட்டுத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டேன். பார்த்தவங்க எல்லாரும் என் கையெழுத்தைத்தான் குறை சொல்லிட்டுப் போனாங்க.