செங்கோடன் செத்த பாகம்

டீ நன்றாக இருக்கிறது, சார். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள்; சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எதிலும் நல்லதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் குறைக்கு வருவது என் பழக்கம்.

சவரிநாதன் சாருடைய ‘கடற்கோட்டை’யைப் பற்றியும் அப்படித்தான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் அவர். கோடை விடுமுறைக்கு ஒரு பாகம் என்று வருஷா வருஷம் அவரே அமைத்த விளையாட்டு. அவர் கதையை நடத்துவார். நாங்கள் ஆளுக்கொரு வேஷத்தில் உள்ளே போவோம். அவர் மனைவி அந்தோணிமேரி அக்கா ராணி. கோட்டுச்சேரி தியாகராசன் மந்திரவாதி. நான் தளபதி செங்கோடன். வாரம் முழுக்க வலைக்கடையில் "ஏ மருதையா, நூலை எட்றா" என்று விரட்டப்படுகிறவனை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் "தளபதியாரே, வாங்க" என்பார்கள். அதற்காகவே ஆறு நாளையும் ஓட்டுவேன்.

ஆபத்து வந்தால் ஆறு சோழியை வீச வேண்டும். நாலு நிமிர்ந்தால் பிழைத்தோம். குறைந்தால் போய்ச் சேர்ந்தோம். மறுவீச்சு கிடையாது. எல்லாம் சார் போட்ட விதி. மூன்று பாகத்திலும் செங்கோடன் தப்பித்தான்.

எண்பத்து நாலில் நான்காம் பாகம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, வரைபடம் பிரமாதம். சுறாமூஞ்சி அரக்கனை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது. ஆனால் முதல் நாளே சார், "தளபதி தூக்கத்துலயே செத்துட்டாரு" என்றார்.

"சோழி வீசலியே சார்?"

"கதைக்குத் தேவப்படுதுப்பா. நீ இனிமே குதிரக்காரனா இருந்துக்க."

தியாகராசன் வாயில் பக்கோடாவோடு சிரித்தான். இருந்தாலும் ஒரு புதுப் பாகத்தை அவசரப்பட்டுத் தள்ளிவிடக் கூடாது இல்லையா. இரண்டு வாரம் குதிரைக்குப் புல் போட்டுப் பார்த்தேன். பிடிக்கவில்லை.

அப்புறம்தான், கடலுக்கு நடுவே வைத்து ஆடினால் ஜோராக இருக்கும் என்று சாரை என் மாமாவின் படகில் கூட்டிப் போனேன். குழந்தை மாதிரி சந்தோஷமாக வந்தார். நீச்சல் தெரியாது பாவம். கரை கண்ணுக்கு மறைந்ததும் சோழியைக் கையில் கொடுத்தேன்.

"யாருக்குப்பா வீசறது?"

"உங்களுக்குத்தான் சார்."

சிரித்துக்கொண்டே வீசினார். மூன்று நிமிர்ந்தது, இரண்டு கவிழ்ந்தது. நான் தள்ளினேன். செங்கோடனுக்கு அவர் தராத வாய்ப்பை அவருக்கு நான் தந்தேன் என்பதை மட்டும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஆறாவது... வலைக்கு அடியில ஓடிட்டுது, பாருடா மருதையா" என்றார். நியாயமான பேச்சு. வலையைத் தூக்கிப் பார்த்தேன்.

நிமிர்ந்துதான் கிடந்தது, சார். கட்டைவிரலால் அதைப் புரட்டிவிட்டு, "கவுந்து கெடக்கு சார்" என்று சொன்னேன். விதியை மீறி நான் எதுவும் செய்யவில்லை.