ஹமீது வீட்டு மாடியில் பச்சைத் தண்ணீர்

— மொட்டைமாடிக் கதவைச் சாத்தியாச்சு. இங்க இருக்கறது மூணே பேர். ஷாஹுல் ஹமீதாகிய நான், என் மருமகள் ஆஃப்ரீன், ஜமாஅத் செயலாளர் நூர் முஹம்மது நீங்க. இப்ப தெருவுல பேசுறதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

— கோச்சிக்காதீங்க ஹமீது பாய். மயிலாப்பூர் பூரா இதே பேச்சு. உங்க மாடியில ஊறல் போட்டுக்கீதாம். சாராய ஊறல்.

— அஸ்தஃபிருல்லாஹ்! மூணு தலைமுறையா இந்த வீட்டு வாசல்ல ஒரு வெத்தலை எச்சில்கூட விழுந்ததில்ல.

— அப்ப இந்த டிரம்முங்க இன்னாத்துக்குக் குமிழி வுட்டுக்கினு கீது?

— அது காத்து, சாச்சா. மீன்தொட்டி மோட்டார் வெச்சிருக்கேன். உள்ள இருக்கறது பாசி. அதுலருந்து எண்ணெய் எடுத்துப் பக்குவம் பண்ணினா, டீசலுக்குப் பதிலா ஊத்தலாம்.

— பாசில வழுக்கி வுழுந்துக்கீறேன் மா. வண்டி ஓட்டினதில்ல.

— சிரிப்பு அப்புறம். மோந்து பாருங்க. இன்னும் குனிங்க.

— கொளத்து வாடைதான் பாய், ஒத்துக்கறேன். ஆனா ஜனம் மோந்து பாத்தா பேசுது? இன்னிக்கே கொட்டிடுங்க. வம்பு ஓஞ்சிடும்.

— கொட்டினா எல்லாம் போச்சு, சாச்சா! புதன்கிழமை கிண்டி காலேஜ்லருந்து பாக்க வராங்க. இந்தப் பாசி தேறினா, சாக்கடைத் தண்ணியிலயே பெரிய தொட்டியா வளக்க இடம் தரேன்னு சொல்லியிருக்காங்க.

— சாக்கடையிலயா!

— ஆமா. அழுக்குத் தண்ணியும் வெயிலும் போதும். மெட்ராஸ்ல ரெண்டுக்கும் பஞ்சமா?

— அத்த சொல்லு. சரி, என் லோடு வண்டிக்கு எப்ப ஊத்துவே?

— இப்ப ஒரு டிரம் பாசிக்கு ரெண்டு ஸ்பூன் எண்ணெய் வந்தாலே அதிகம். செலவும் எக்கச்சக்கம். அதைக் குறைக்கத்தான் பாடுபடறேன். குறையும், சாச்சா. போன தடவையைவிட இப்பவே குறைஞ்சிருக்கு.

— ரெண்டு ஸ்பூனுக்கா இம்மாம் அவமானம்? ஹமீது பாய், நீங்களாவது வாயத் தொறங்க.

— திறக்கறேன். டிரம்மை யாரும் தொடக்கூடாது. பயந்து கொட்டினா, தெரு பேசினது நெஜம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. ஆஃப்ரீன், கதவைத் திறந்து வை. பாக்கணும்னு நினைக்கிறவங்க படியேறி வந்து பாக்கட்டும்.

— மாமா...

— கண்ணைத் தொடைச்சுக்கோ. புதன்கிழமை வர்றவங்களுக்கு நம்ம வீட்டுலதான் சாப்பாடு.

— அப்ப நானும் கேட்டுடறேன் பாய். தெனம் விடியக்காலைல சுபுஹு தொழுகை முடிஞ்சதும், தலையில துண்டப் போட்டுக்கினு எவனோ ஒர்த்தன் இங்க நின்னு டிரம்ம கலக்கறானாம். எதிர்வூட்டு ஜன்னல்லருந்து பாத்துக்கீறாங்க. சாராயம் காச்சத் தெரிஞ்சவன, வெளியூர்லருந்து சம்பளத்துக்கு வெச்சிருக்கீங்கன்றாங்க.

— நான் யாரையும் வெக்கலியே! பாசி அடியில தங்காம இருந்துச்சு, மோட்டார்தான் நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சேன்... மாமா, யாரு அது?

— தப்பான செய்தி. வெளியூர் ஆளும் இல்ல, சம்பளமும் இல்ல. கலக்கறது நான்.