இடப்பக்கம் வாசிக்கிற ஆள்

— பெருவிரல் எங்க இருக்கு? அத மட்டும் மொதல்ல சொல்லுங்க தம்பி. புத்தகத்த அப்புறம் எடுப்போம்.

— என் பொண்ணு அனுப்பற வீடியோவுல ரெண்டு கை பெருவிரலும் ஒரே கட்ட மேல இருக்குது, ஜெபதுரை சார். ஆரம்பத்துல மட்டும். அப்புறம் வெரல் ஒண்ணொண்ணா போவுது.

— ஆங்! விஷயம் அதுல்லா. பாதி வேல முடிஞ்சிட்டு.

— எனக்கு ஒண்ணும் முடியல சார். பியானோ கத்துக்கற புக்கு குடுங்கன்னு கேட்டா ஒண்ண எடுத்துக் குடுப்பீங்கன்னு வந்தேன். நீங்க போலீஸ் மாதிரி கேள்வியா கேட்டுக்கினு இருக்கறீங்க.

— கேக்காம எப்படித் தர? இந்த ரேக்க பாருங்க. எல்லாமே ஆரம்பப் புத்தகம்தான். ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வாசல் வழியால்லா கூட்டிட்டுப் போகும். ஒங்க பிள்ள ஒரு வாசல்ல நுழைஞ்சிருக்கு. நீங்க வேற வாசல்ல நுழைஞ்சா ரெண்டு பேரும் உள்ள சந்திச்சுக்கிட வருஷம் ஆயிடும். ஒங்களுக்கு ஞாயித்துக்கிழமைக்கே வேணும்னு சொல்லுதீங்க.

— ஆமா சார். உத்தனப்பள்ளில என் அக்கா பேத்திக்கு காதுகுத்து. பாப்பா வரா. அவங்க அம்மாவும்தான் வரா. ரெண்டு வருசத்துக்கு அப்புறம் இப்பதான் வராங்க.

— பெங்களூர்லயா இருக்காவ?

— ஆமா. பார்டர்ல அட்டிபெல தாண்டினா அவ ஊரு. பஸ்ஸுல ஏறி உக்காந்தா தூக்கம் வர்றதுக்குள்ள வந்துடும். ஆனா நான் போனதில்ல. போனாலும் கதவு தெறப்பாங்களான்னு தெரியாது.

— சரி சரி. அத விடுங்க. வாசல் கதைய முடிச்சிருதேன். கேளுங்க.

— சொல்லுங்க. கொஞ்சம் வெளங்கற மாதிரி. நான் பேக்டரில சிஎன்சி மிஷின் ஓட்டறவன்.

— மொதல் வகை, நீங்க சொன்னது. நடுவுல இருக்குற சி-ங்கற கட்டையில ரெண்டு பெருவிரலும் வச்சுக்கிடணும். அது நம்ம ஓசூர் பஸ் ஸ்டாண்டுன்னு வச்சுக்கிடுங்க. வலது கை பெங்களூர்ப் பக்கம் போகுது, இடது கை கிருஷ்ணகிரிப் பக்கம் போகுது. ரெண்டும் கெளம்புறது ஒரே எடம். ரெண்டாவது வகையில ஒவ்வொரு கைக்கும் அஞ்சு கட்டய வாடகைக்குக் குடுத்துருவான். விரல் வீட்ட விட்டு நகரவே நகராது. சுகமா இருக்கும், ஆனா வீடு மாத்தச் சொன்னா பிள்ளைக அழுதுரும்.

— மூணாவது?

— மூணாவதுல ஸ்டாப்பு பேரு கேக்க மாட்டான். இங்கருந்து எத்தன ஸ்டாப்பு மேல, எத்தன ஸ்டாப்பு கீழ, அதான் கணக்கு. எனக்கு அதுதான் ரொம்ப இஷ்டம். ஆனா ஒங்க பிள்ள மொத வகை. இந்தா, இந்த ரெண்டாம் தட்டுல இருக்குறதெல்லாம் அந்த வகைதான்.

— அப்ப ஒண்ணு எடுங்க.

— அவசரப்படாதீங்க. வீடியோவ காட்டுங்க. இதுலயும் நாலு கம்பேனி புத்தகம் இருக்கு.

— இந்தாங்க. செல்லு ஸ்கிரீன் கொஞ்சம் ஒடஞ்சிருக்குது. பாப்பா மொகம் தெரியாது. மேலருந்து கை மட்டும்தான். எப்பவும் அப்பிடித்தான் வரும்.

— சத்தம் வரலியே?

— ஹெட்போன் போட்டுக்கினு வாசிக்கறா சார். கீழ்வீட்டு ஓனரு திட்டுவாராம். கட்ட அமுங்கற டொக்கு டொக்குதான் கேக்கும். அந்த டொக்கு டொக்க எத்தினி வாட்டி கேட்டிருப்பேன்னு சொன்னா சிரிப்பீங்க.

— சிரிக்க மாட்டேன். ... இது சி இல்லியே தம்பி. இது ஈ-ல்லா?

— ஆமா. நானும் பாத்துட்டு அந்தக் கட்டயிலதான் வாசிக்கறேன்.

— எங்க வாசிக்கீங்க?

— ரூம்ல. சின்னதா ஒரு கீபோர்டு வாங்கி வச்சிருக்கறேன், பேட்டரில ஓடறது. பக்கத்து ரூம் தமிழரசன் வந்து, அண்ணா யார்னா செத்துட்டாங்களான்னு கேக்கறான்.

— எந்தப் புத்தகமும் ரெண்டு பெருவிரலையும் ஈ-ல வச்சு ஆரம்பிக்காது. நான் கடை வச்சு இத்தன வருஷத்துல பாத்ததில்ல. ஒருநிமிஷம். கீபோர்டு மேல கம்பேனி பேரு இருக்குல்லா, அதப் படிங்க.

— எழுத்து சின்னதா இருக்குது. பெருசு பண்ணி பாக்கறேன்... என்னா சார் இது, எழுத்து தலமாறி இருக்குது. ஆம்புலன்ஸ் மூஞ்சில எழுதியிருக்கற மாதிரி.

— அம்புட்டுதான்! கண்ணாடி! போன் முன்பக்கக் கேமராவுல எடுத்தது. சில போன் அத கண்ணாடில பாக்க மாதிரியே திருப்பி வச்சுக்கிடும். அட, அட, அட. ஒங்களுக்கு இது ஏன் தெரியலன்னு சொல்லட்டா? இந்தக் கீபோர்டுகிட்ட வாங்க. கறுப்புக் கட்ட ரெண்டு, அப்புறம் மூணு, மறுபடி ரெண்டு. தெரியுதா?

— தெரியுது.

— ரெண்டு கறுப்புக்கு நடுவுல ஒரு வெள்ள இருக்குல்லா, அது மேல விரல வைங்க. இப்ப அதுக்கு ரெண்டு பக்கமும் பாருங்க. இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. அதனால கண்ணாடில திருப்பினாலும் கீபோர்டு கீபோர்டு மாதிரியேதான் தெரியும், எங்கயும் இடிக்காது. ஆனா சி இருந்த எடத்துல ஈ வந்து உக்காந்துரும். வலது கை இடது கை ஆயிரும். ஏறுற பாட்டு எறங்கும்.

— அப்ப நான் இத்தினி நாளா...

— நல்ல குதியாட்டமான பாட்ட தலகீழா வாசிச்சிருக்கீங்க. அதான் அந்தத் தம்பி சாவு வீடான்னு கேட்டிருக்கான்.

— மானம் போச்சு சார். எங்க கம்பேனில மெட்ரிக்கு இன்ச்சுன்னு மாத்திப் போட்டு ஒருத்தன் ஒரு லோடே ஸ்கிராப் பண்ணான். அவன ஓட்டோ ஓட்டுன்னு ஓட்டினேன்.

— வருத்தப்படாதீங்க. இப்பத் திருப்பிப் பாப்போம், இதுல ஒரு ஆப் இருக்கு. இப்ப பாருங்க. ரெண்டு பெருவிரலும் சி-ல. ஆனா நடு சி-ல இல்ல. அதுக்கு மேல உள்ள சி-ல. உடம்பே வலப்பக்கமாத் தள்ளி உக்காந்திருக்கு.

— எடம் பத்தலியோ?

— எடம் விட்டிருக்கு தம்பி. இது அந்தப் புத்தகத்தோட விஷயம். மாணவர் வாசிக்கறது ஒத்த ஒத்த சுரமா மொட்டையா இருக்கும். அதனால அதுக்குக் கீழ சின்ன எழுத்துல இன்னொரு வரி போட்டிருப்பான். அத டீச்சரோ, அம்மாவோ, அப்பாவோ இடப்பக்கம் உக்காந்து வாசிக்கணும். அவுகளுக்கு எடம் வேணும்லா? அதுக்குத்தான் மாணவர மேல தள்ளி உக்காரச் சொல்லுவான்.

— அப்ப ஏன் சார் எல்லா வீடியோவுலயும் மொதல்ல சும்மா இருக்கா? கைய வச்சுக்கினு அப்பிடியே இருப்பா. நான் மறந்துட்டாளோ, பயப்படறாளோன்னு நெனப்பேன்.

— மறக்கல. எண்ணிக்கிட்டு இருக்கு. கீழ் வரிக்காரர்தான் மொதல்ல ஆரம்பிக்கணும். ரெண்டு அளவு, அதாவது ரெண்டு தடவ நாலு எண்ணுத நேரம், அவரு வாசிச்ச பொறவுதான் மேல் வரி உள்ள வரும். அவரு இல்லாட்டாலும் அந்த நேரத்த விட்டுத்தான் ஆவணும். விரல பாருங்க, லேசா அசையுது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

— சரிதா, என் வீட்டுக்காரி, இப்பிடித்தான் இருப்பா. நான் டபுள் ஷிப்ட் முடிச்சு வருவேன். சாப்பாடு வச்சுட்டு எதிர்ல உக்காந்துக்குவா. ஒண்ணும் கேக்க மாட்டா. நான் தட்டப் பாத்து சாப்பிட்டு எழுந்து போயிடுவேன். வீட்ட விட்டுக் கெளம்பறப்ப சொன்னா, உன்கிட்ட சண்ட போட்டிருந்தாக்கூட இருந்திருப்பேன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— பஸ்ஸுக்கு சில்லற இருக்குதான்னு கேட்டேன். அதுக்கோசரம்தான் சார் இந்த புக்கு. எனக்குப் பேச வராது. பாப்பாவும் போன்ல எதக் கேட்டாலும் ம்-ங்கறா. சாப்டியா, ம். ஸ்கூலு, ம். கீபோர்டு வாசிக்கறியாடா, அதுக்கும் ம். ஞாயித்துக்கிழம அத்தினி சொந்தக்காரங்க நடுவுல அவ வந்து நிப்பா, நான் என்னா பேசறது? அதான், என் கீபோர்ட எடுத்துக்கினு போயி பக்கத்துல உக்காந்து வாசிச்சுடலாம்னு. இந்த வாட்டியும் ஊமையா நின்னேன்னு வைங்க, அடுத்த காதுகுத்துக்கு அவ வர மாட்டா.

— புக்கு பேர போன்லயே கேட்டிருக்கலாமே?

— பாப்பாவக் கேட்டா அவங்க அம்மாவத்தான் கேக்கச் சொல்லும். அவகிட்ட என்னான்னு ஆரம்பிக்கறது?

— சரி, உக்காருங்க. இடப்பக்கம். இந்த ரெண்டு கட்டதான் ஒங்க வரி. இது, அது. இது, அது. மாவாட்டுத மாதிரி, நிறுத்தாம. வீடியோவ போடுதேன். நீங்க ரெண்டு அளவு வாசிங்க, அது தானா உள்ள வரும் பாருங்க.

— வருமா?

— எண்ணினா வரும். ஒண்ணு, ரெண்டு... வேகம் வேண்டாம்... மூணு, நாலு... மறுபடி ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு...

— சார்! வந்துடுச்சு! கை எறங்குது பாருங்க!

— நிறுத்தாதீங்க! ஆட்டுங்க, ஆட்டுங்க.

— என் கட்டைக்கும் அந்தக் கட்டைக்கும் சரியா இருக்குது சார். சத்தமே இல்ல, ஆனா சரியா இருக்குது!

— இருக்கும்லா. ஒரே தாள்லதான எழுதியிருக்கான். நல்லது. இப்ப புத்தகம். இந்தப் பாட்டு, இந்தக் கம்பேனி, சந்தேகமே இல்ல. ஆனா இவன் ரெண்டு பதிப்பு போடுதான். ஒண்ணு சின்னப் பிள்ளைகளுக்கு, எழுத்து பெருசு, படம் உண்டு. இன்னொண்ணு பெரிய ஆளுக ஆரம்பிக்கதுக்கு. பாட்டு ஒண்ணுதான், கீழ் வரியும் ஒண்ணுதான்.

— பாப்பாவுக்கு ஒம்போது வயசு. படம் போட்டதே குடுங்க.

— பில் போட்டுருவோம். இருங்க, முடிவ மட்டும் ஒருக்கா சரி பாத்துக்கிடுதேன். பிள்ளைக பதிப்புல கடைசியில ஒத்த சுரம். பெரியவங்க பதிப்புல அதே சுரத்த கீழயும் மேலயும் ஒரே கையில சேத்து அமுக்கணும். பெருவிரல் ஒரு சி-ல, சுண்டுவிரல் அடுத்த சி-ல. வீடியோவ கடைசிக்கு ஓட்டுங்க.

— இதோ... ரெண்டாத்தான் சார் அமுக்கறா. கைய விரிச்சு.

— ம்ம்.

— பெரியவங்க புக்குலயா கத்துக்கறா? கெட்டிக்காரி.

— தம்பி, ஒங்க கைய இங்க வைங்க. பெருவிரல் சி. சுண்டுவிரல் அடுத்த சி. எட்டுதா?

— கொஞ்சம் இழுக்குது. எட்டுது.

— இந்தக் கட்டையோட அகலம் எந்தக் கீபோர்டுலயும் ஏறக்கொறைய ஒண்ணுதான், பொம்மக் கீபோர்ட விட்டா. அதனால கட்டையே ஒரு ஸ்கேலு மாதிரி. எங்கிட்ட ஒம்போது வயசுப் பிள்ளைக கை வச்சுப் பாக்க வருதுகள்ல, ஒண்ணுக்கும் அடுத்த சி எட்டாது. ரெண்டு கட்ட முன்னாடியே நின்னுரும்.

— ரெண்டு வருசமா பாக்கலியே சார். வளந்திருப்பா.

— வளந்திருக்கும். இம்புட்டு வளராது. இந்தக் கை ஒங்க அளவுக்கு எட்டுது. இழுக்கவும் இல்ல. அந்த வீட்டுல வேற யாரு உண்டு?

— யாரும் இல்ல சார். பாப்பாவும் சரிதாவும்தான்.

— வீடியோ யாரு நம்பர்லருந்து வருது?

— சரிதா நம்பர்லருந்துதான். பாப்பாவுக்குப் போன் இல்ல. பாப்பா எடுத்து அனுப்பறான்னு...

— எழுத்து எதுவும் வராதா?

— வராது. வீடியோ மட்டும்.

— நீங்க என்ன பதில் போடுவீங்க தம்பி?

— “சூப்பர்டா பாப்பா, போன அம்மாகிட்ட குடுத்துடு”ன்னு.