வேனுக்குள் வாடும் ஆயிரத்து இருநூறு கன்றுகள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் உழவர் குழுத் தலைவர் தனபால் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த பெருமக்களே, அடுப்படி வேலையை அப்படியே போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! இன்னும் பதினோரு பேரை விளிக்கச் சொல்லிக் கையில் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. மன்னியுங்கள், எனக்கு இங்கே நிற்க நிலைகொள்ளவில்லை!

ஏன் நிலைகொள்ளவில்லை? வாசலில் வெயிலில் நிற்கிறதே வெள்ளை வேன், அதற்குள் ஆயிரத்து இருநூறு லெமன் பாம் கன்றுகள் வெந்துகொண்டிருக்கின்றன. பத்து மணிக்கு நிழல்வலைக் கூடத்தில் இறக்க வேண்டியவை. இப்போது மணி பன்னிரண்டு. சிறப்பு விருந்தினர் வந்து, கன்றைக் கையில் ஏந்தி, படம் எடுத்த பிறகுதான் இறக்க வேண்டுமாம்!

என்ன செடி இது? பார்த்தால் புதினா, கசக்கினால் எலுமிச்சை, இலையைக் கொதிக்க வைத்தால் மூலிகைத் தேநீர். கோவையில் எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு தாய்ச்செடியின் கணுவை நறுக்கி, கிருமி நீக்கி, சர்க்கரையும் சத்துப்புகளும் கலந்த கூழில் நட்டோம். முதல் தொகுதி பூஞ்சையில் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும் போனபோது, ஐயோ, உட்கார்ந்து அழுதேவிட்டேன்! நான்காவதில்தான் ஒன்று ஐந்தானது, ஐந்து இருபத்தைந்தானது. ஒன்றரை ஆண்டு உழைப்பு இது. பாட்டிலுக்குள் வளர்ந்த கன்றுக்கு வெயில் தெரியாது, காற்று தெரியாது, தாகம் தெரியாது. இலைமேல் மெழுகுப் பூச்சும் சரியாக வளர்ந்திருக்காது. வெளியே வந்ததும் உள்ளிருக்கும் ஈரத்தையெல்லாம் காற்றுக்குக் கொடுத்துவிட்டு வாடிப்போகும்.

என்னங்கம்மா? சத்தமாகக் கேளுங்கள். "ஏனுங்க அம்மணி, இதக் குடிச்சா தூக்கம் வருமுங்களா?" என்கிறார் காரமடை வள்ளியாத்தாள் அம்மா. வரலாம் அம்மா. பதற்றம் தணிகிறது, தூக்கம் சற்றுக் கூடுகிறது, வயிற்று உப்புசம் குறைகிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. "அப்ப மாத்திரைய நிறுத்திப்போடலாமுங்களா?" நிறுத்தவே கூடாது! தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். சகல நோய்க்கும் மருந்தென்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. நேற்று இரண்டு டம்ளர் குடித்த எனக்கே தூக்கம் வரவில்லை! சிரியுங்கள், சிரியுங்கள், என் பதற்றம் எனக்கு.

இதோ, ஓட்டுநர் வம்சி வாசலில் நின்று கூவுகிறார். "மௌனிகாக்கா, ஓரத்துத் தட்டுல கன்னெல்லாம் தல சாஞ்சுபோச்சுங்க!" கேட்டீர்களா? தலைவரோ என் காதருகே, "கொஞ்சம் பொறுத்துக்குங்க அம்மணி, விருந்தினர் இப்பத்தான் அன்னூர் தாண்டியிருக்கறாருங்க" என்கிறார். ஐயா, உங்கள்மேல் எனக்குக் கோபம்தான், மேடையிலேயே சொல்கிறேன். மாலை காத்திருக்கும், மைக் காத்திருக்கும், நாமும் காத்திருப்போம். தளிர் காத்திருக்குமா? வேர் காத்திருக்குமா? நாற்பது பெண்கள் வலை கட்டி, தென்னைநார்த் தூள் நிரப்பி, நாள் எண்ணிக்கொண்டிருந்தது படத்துக்கா, பயிருக்கா?

இனி யார் தடுத்தாலும் கேட்கமாட்டேன்! எழுந்திருங்கள் தாய்மார்களே! வேனிலிருந்து மண்டபத்தின் பின்னால் உள்ள நிழல்வலை வரைக்கும் வரிசையாக நில்லுங்கள். தட்டைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோங்கள். யாராவது இரண்டு வாளி தண்ணீர் எடுங்கள். எங்களுக்கு மரியாதை செய்ய மேசைமேல் அடுக்கியிருக்கும் பருத்தித் துண்டுகள் அத்தனையையும் நனைத்துக் கன்றுகளுக்குப் பந்தல் பிடியுங்கள். அட, தலைவர் தம் தோளில் கிடந்த துண்டையே உருவுகிறாரே! "இதையும் நனைச்சுப்போடுங்க அம்மணி" என்கிறார். ஐயா, என் கோபமெல்லாம் போயே போய்விட்டது!

விருந்தினர் வந்தால் அவர் கையிலும் ஒரு தட்டைக் கொடுங்கள். எழுந்து நிற்கும் அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம். இந்த மைக்கை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டு கையும் வேண்டும்!